விபூதி தின்ன பொண்ணு

சமயநல்லூர் மாதா கோயில் பங்கில் போய் மோனிக்கா வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. முனீஸ்வரி வீடு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியும். விபூதி தின்ன பொண்ணு வீடு என்று கேட்டுப் பாருங்கள், பல் முளைக்காத பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டும். பொண்ணுக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. மகள் பவுலினைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. முன்னந்தலை நரைத்து, முழங்கால் வலியும் வந்தாயிற்று. பட்டப்பெயருக்கு மட்டும் வயதாகவில்லை.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

முனீஸ்வரி பிறந்தது செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சம்சாரி வீட்டில். முனியாண்டி கோயிலில் வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். காலையில் வயலுக்குக் கிளம்புமுன் அவள் அப்பா அந்தக் கோயில் திருநீற்றை மூன்று விரலில் எடுத்து, முதலில் மகள் நெற்றியில் இழுத்துவிடுவார். பிறகு தன் நெற்றியில் பூசிக்கொள்வார். கடைசியாக விரலில் ஒட்டியிருப்பதை அவள் நாக்கில் தடவிவிடுவார். நல்லாயிரு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர். மகளிடம் அவர் காட்டிய பிரியமெல்லாம் அந்த விரலோடு சரி.

வயது வந்ததும் பரவைப் பக்கம் ஒரு நூல்மில்லுக்கு வேலைக்குப் போனாள். மில் வேன் ஓட்டியவன் சந்தியாகு. சமயநல்லூர்க்காரன், வேதக்காரன், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவன். வேனில் அத்தனை பெண்கள் இருக்க, கடைசி சீட்டில் நெற்றி நிறைய நீறோடு உட்கார்ந்திருந்த இவளைத்தான் அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. வேன் ஓட்டுகிறவனைக் காதலித்தால் வழக்கமாக என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அப்பா கதவைச் சாத்தினார். சாகும்வரை திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்த பழைய சாமியார், முனீஸ்வரிக்கு ஒத்துவருகிற மாதிரி மோனிக்கா என்று பெயர் வைத்தார். பாவம், அவர் யோசித்து வைத்த பெயர். தண்ணீர் ஊற்றிய ஈரம் காய்வதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மாமியார் நல்ல மனுசிதான். மருமகள் பொட்டு வைத்தாள், பூ வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் நீறு மட்டும் இந்த வீட்டில் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். முனீஸ்வரியும் தலையாட்டினாள். ஆனால் குளித்து முடித்ததும் கை தானாக நெற்றிக்குப் போகும். அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும். அப்பாவை நினைத்து அழ அவளுக்குக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

தை மாதம் கல்யாணம். மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சந்தியாகு வந்து சொன்னான்.

"நாளைக்கு விபூதிப் பொதன். சீக்கிரம் எந்திரி, பூசைக்குப் போகணும்."

அவள் தப்பாகக் காதில் விழுந்ததென்று நினைத்தாள். "விபூதியா? நம்ம கோயில்லயா?"

"நம்ம கோயில்லதான். சாமியாரே பூசிவிடுவாரு."

"அத்தைக்குத் தெரியுமா?"

"எங்கம்மாதான் வரிசையில மொத ஆளா நிப்பாக."

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அது தவக்காலத்தின் முதல் நாள், ஒருசந்தி இருந்து ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, செய்த பாவத்துக்கு மனம் வருந்துகிற நாள், பட்டுப்புடவை கட்டுகிற நாள் இல்லை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வரிசையில் நின்றாள். சாமியார் கட்டைவிரலைச் சாம்பலில் தொட்டு அவள் நெற்றியில் சிலுவை போட்டார். அவள் நகரவில்லை. இடது கையின் மேல் வலது கையைக் குழித்து நீட்டினாள். கோயிலென்றால் கையிலும் கொஞ்சம் கொடுப்பார்களே! பழைய சாமியார் என்ன நினைத்தாரோ, ஏதோ ஞாபகத்தில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டார். இவள் அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

அது அவள் அப்பா கொடுத்த வெள்ளைத் திருநீறு இல்லை. எரித்த தென்னங்குருத்தின் கறுப்புச் சாம்பல். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. இருமினாள், துப்பினாள், முந்தானையால் நாக்கைத் துடைத்தாள், உதடெல்லாம் கரி. அந்தப் பெரிய அமைதியில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. சந்தியாகுதான். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கால் ஒரு தடவை கிளம்பி, பிறகு வாய்விட்டுச் சிரித்தே விட்டான். சாமியார் முறைத்தார். முறைத்த சாமியாரும் கடைசியில் சிரித்துவிட்டார். பங்கே சிரித்தது. பாவத்துக்கு வருந்துகிற நாளில் இப்படி ஒரு சிரிப்பு அந்தக் கோயிலில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள்.

"எதுக்குத்தான் நம்ம கோயில்ல இதக் குடுக்குறாக?"

"நீ மண்ணு, நானும் மண்ணு. என்னைக்கா இருந்தாலும் எல்லாரும் மண்ணுக்குள்ள போகணும். அத மறந்துறக் கூடாதுன்னு வருசத்துக்கு ஒருக்கா நெத்தியில எழுதி விடுறாக."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். ஒங்க ஊர்ல எதுக்குக் குடுப்பாக?"

"நல்லா இருக்கறதுக்கு," என்றாள்.

நெற்றியைத் துடைக்கத் துண்டை எடுத்த சந்தியாகு, துடைக்காமலே தோளில் போட்டுக்கொண்டான்.

அதிலிருந்து ஒவ்வொரு வருசமும் முந்தின நாள் சாயங்காலம் அவன் சொல்லுவான்: "ஏ புள்ள, நாளைக்கு ஒருசந்தி. கோயில்ல வயிறு நெறையத் தின்னுட்டு வந்துறாத." இவள் கையில் எது இருக்கிறதோ அதை எடுத்து எறிவாள். கரண்டி, துடைப்பம், ஒரு தடவை பவுலினின் செருப்பு. ஆனால் அந்த நாளுக்காக அவள் வருசம் பூராவும் காத்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். கிறிஸ்மசுக்குப் புதுப்புடவை எடுத்தால் நன்றாயிருக்கிறது என்று மடித்து வைத்துவிடுவாள். விபூதிப் புதனன்று முகமே வேறாக இருக்கும். மற்றவர்கள் கோயில் வாசலைத் தாண்டியதும் கைக்குட்டையால் நெற்றியைத் தொட்டுக்கொள்வார்கள். இவள் சாயங்காலம்வரை துடைக்க மாட்டாள்.

இடையில் மாமியார் போய்ச் சேர்ந்தாள், மில்லையும் மூடிவிட்டார்கள். சந்தியாகு ஆரப்பாளையத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றி, அறை கூட்டுகிற வேலைக்குப் போனாள். லாட்ஜ் மேனேஜர் பாலமுரளி சௌராஷ்டிரக்காரர், எப்போதும் சந்தனமும் குங்குமமுமாக இருக்கிறவர். வருசத்தில் அந்த ஒரு நாள் அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வார்.

"வாங்க முனீஸ்வரி. இன்னிக்கு ஒரு நாள் நீங்க நம்ம ஆளு."

"நான் என்னைக்குமே எங்க ஆளுதான் சார்," என்பாள் அவள். அது எந்த ஆள் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. மந்திரித்த குருத்தோலையை ஆளுக்கொன்று கையில் கொடுப்பார்கள். அதைச் சிலுவையாக முடைந்து வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். வருசம் பூராவும் அது அங்கேயே காயும். அடுத்த விபூதிப் புதனுக்கு முன்னால் கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் மிக்கேல் சாக்குப் பையோடு வீடு வீடாக வந்து அந்தக் காய்ந்த ஓலைகளை வாங்கிப் போய், கோயிலுக்குப் பின்னால் எரித்துச் சலித்து வைப்பார். போன வருசம் கையில் ஆட்டிக்கொண்டு பாடிய ஓலைதான் இந்த வருசம் நெற்றிக்கு வரும்.

சந்தியாகுவுக்குச் சிலுவை முடையத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் தெரியாது. ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வரும். அதைப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பான். "ஆண்டவரு தோள்ல ரொம்ப நேரம் சொமந்தாருல்ல, அதான் ஒரு பக்கம் எறங்கிருச்சு," என்பான்.

போன வருசமும் அப்படித்தான் ஒன்று முடைந்து செருகினான்.

ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு மத்தியானம், அவள் லாட்ஜில் மூன்றாவது மாடியில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் போன் செய்தான்.

"நெஞ்சக் கரிக்குது புள்ள."

"காலையில பூரி தின்னீகளா?"

"தின்னேன்."

"கேஸாத்தான் இருக்கும். ஒரு சோடாவக் குடிச்சுட்டுச் செத்த நேரம் படுங்க."

"ஆளு ஏறிட்டாக. விட்டுட்டு வந்து படுக்குறேன்."

நெஞ்சில் இடியே இறங்கினாலும் நம் ஆட்களுக்கு அது கேஸ்தான். சந்தியாகு சோடாவைக் குடித்தான். விளாங்குடி தாண்டும்போது வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டினான். உள்ளே இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்தான். எழுந்திருக்கவில்லை.

செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். மதுரைப் பக்கம் நாளுக்கு நூறு தடவை சொல்கிற பேச்சு. செத்த இரு, செத்த நகரு, செத்த தண்ணி குடு. அதில் சாவு இருக்கிறது என்று யாரும் நினைத்ததில்லை. முனீஸ்வரி அன்றோடு அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டாள். யார் சொல்லிக் கேட்டாலும் குளிர் தண்ணீரை ஊற்றியது போலிருக்கும். தான் என்ன சொல்லி அவனைப் படுக்கச் சொன்னோம் என்பதை அவள் பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை.

சாவுக்குப் பிறந்த வீட்டு ஆட்கள் வந்தார்கள். அண்ணன் கருத்தக்கண்ணன் கோடித்துணியோடு வந்தார். அப்பா சாத்திய கதவை அவர் எப்போதோ திறந்துவிட்டிருந்தார். கூடவே பெரியம்மா ஒச்சாயி வந்தாள். ஒச்சாயி இருபது வயதில் தாலியறுத்தவள். ஊரில் மற்றப் பெண்கள் நீறும் வைப்பார்கள், அதன் கீழே குங்குமமும் வைப்பார்கள். ஒச்சாயி நெற்றியில் வெறும் நீறு மட்டும் இருக்கும். விசேஷ வீடுகளில் அந்த நெற்றியைப் பார்த்து ஆட்கள் விலகி நிற்பதை முனீஸ்வரி சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள்.

பெட்டியில் சந்தியாகு படுத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரியின் பொட்டைப் பெரியம்மா கட்டைவிரலால் வழித்தெடுத்தாள். மடியிலிருந்து திருநீற்றை எடுத்து நெற்றியில் பட்டையாக இழுத்தாள்.

"இனிமே ஒனக்கு இதுதாண்டி ஆத்தா," என்று சொல்லி ஓவென்று அழுதாள். அவளுக்கும் வேறு எப்படி ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள்.

முனீஸ்வரி எழுந்து கொல்லைக்குப் போனாள். தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தாள். எத்தனையோ வருசம் அவள் நெற்றி ஏங்கிக் கிடந்த நீறு இப்படியா வந்து சேர வேண்டும்! அப்பா விரலில் வந்தது, வருசத்துக்கு ஒரு தடவை கோயிலில் வந்தது, அதே நீறு இப்போது நீ தனி ஆள் என்று சொல்ல வந்துவிட்டது. அழுது தீராத கோபம் அவளுக்கு. அடுத்த வாரமே பழைய ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். தாலியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றவில்லை. அவனுடைய காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது. படத்துக்குப் பின்னால் கோணல் சிலுவை இருந்தது. இரண்டையும் தொடாமல் தூசி தட்டினாள்.

மாசி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் சாமியார் அறிவித்தார்: வீட்டிலுள்ள பழைய குருத்தோலைகளை உபதேசியாரிடம் கொடுத்துவிடுங்கள், புதன் திருநீற்றுப் புதன். முனீஸ்வரி தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வெளியேறினாள்.

அன்று சாயங்காலம் உபதேசியார் வாசலில் வந்து நின்றார். பெரிய மனுசர், சாக்குப் பையைத் தோளில் போட்டிருந்தார்.

"என்னம்மா, ஓலை இருக்கா?"

"இல்லங்கய்யா. எலி கொறிச்சுருச்சு. குப்பையில போட்டுட்டேன்."

வாசலிலிருந்து பார்த்தால் மாதா படம் நேராகத் தெரியும். படத்தின் தோளுக்கு மேலே சிலுவையின் நீளமான கை நீட்டிக்கொண்டிருந்ததும் தெரியும். உபதேசியார் அதைப் பார்த்தார். அவள் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"எலித் தொல்லை எல்லா வீட்லயும் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த வருசம் கோயிலுக்கே போவதில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நெற்றியில் நீறு வாங்கினால், பெரியம்மா போட்ட பட்டைக்குத் தலையைக் கொடுத்தது போலாகும். ஓலையைக் கொடுத்தால், அவன் கைபட்டதை நெருப்பில் போட்டது போலாகும். இரண்டுக்கும் அவள் தயாராக இல்லை. கொடுக்காத வரையில் அவன் எங்கோ ஒரு ட்ரிப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசல் கதவைத் திறந்ததும் காது தானாக எதிர்பார்த்தது: ஏ புள்ள, நாளைக்கு ஒருசந்தி. வீடு பேசாமல் இருந்தது. அடுப்பைப் பற்ற வைக்கத் தோன்றவில்லை. உபதேசியாரிடம் பொய் சொன்னது வேறு உறுத்திக்கொண்டிருந்தது. நாளைக்கு மறுபடி யாராவது வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது? ஓலையை டிரங்குப் பெட்டிக்குள், அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிடலாம் என்று முக்காலியைப் போட்டு ஏறினாள்.

சிலுவையைப் பிடித்து இழுத்தாள். நீளமான கை அவள் கையோடு வந்துவிட்டது. மிச்சம் படத்துக்குப் பின்னாலேயே நின்றது.

இறங்கி விளக்குக்கு அடியில் கொண்டுவந்து பார்த்தாள். எலி தொடவில்லை. பூச்சி அரித்திருந்தது. மேலே பார்க்க ஓலை போலிருந்தது, உள்ளே மாவாகப் போயிருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. சுவர் ஓரமாக, படத்துக்கு நேர் கீழே, ஒரு சிறு மண் கோடு இருந்தது. தினமும் காலையில் அதைத்தான் அவள் கூட்டிக் குப்பையில் தள்ளிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து மண் உதிர்கிறது என்று நினைத்துக் கூட்டினாள். அவனைத்தான் கூட்டிக்கொண்டிருந்தாள்.

முக்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். சாவன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்று சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நீ மண்ணு, நானும் மண்ணு என்று அவன் சொன்னபோது அது விளையாட்டுப் பேச்சாக இருந்தது. இப்போது கையில் இருந்தது. ஒளித்து வைத்தாலும் மண்தான். பெட்டிக்குள் புடவைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் மண்ணாகும். கொடுத்தால், நாளைக்கு அந்த ஊரில் உள்ள அத்தனை நெற்றிக்கும் போகும்.

மிச்சத்தையும் எடுத்தாள். உதிர்ந்ததை உள்ளங்கையால் கூட்டினாள். எல்லாவற்றையும் அவனுடைய காக்கிச் சட்டைப் பையில் இருந்த கைக்குட்டையில் முடிந்துகொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் உபதேசியார் வேலையை முடித்துவிட்டிருந்தார். தகரத்தில் நெருப்பு அணைந்திருந்தது. சாம்பலை மெல்லிய துணியில் சலித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எலி தின்னது போக மிச்சம் இருந்துச்சுங்கய்யா," என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. "செத்த நில்லும்மா," என்றார்.

அந்த வார்த்தை வந்து நெஞ்சில் இறங்கியது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் நின்றாள். அவர் தகரத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி அவள் முன்னால் வைத்தார். தீப்பெட்டியை எடுத்தார். குச்சியைக் கிழிக்கப்போனவர் நிறுத்தி, பெட்டியை அவளிடமே நீட்டினார்.

அவள் பிறந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, கொள்ளி வைப்பதில்லை. சந்தியாகுவை மாதா கோயில் கல்லறையில் புதைத்தபோது அவளும் மற்றவர்களைப் போல ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தாள். அவனுக்கு என்று தனியாக அவள் கை ஒன்றும் செய்யவில்லை. இப்போது குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்துக்கொண்டது. நீளமான கை முதலில் எரிந்தது, பிறகு குட்டைக் கை. கைக்குட்டையையும் அதிலேயே போட்டாள். காய்ந்த ஓலைதானே, எரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"நாந்தான் அவரப் படுக்கச் சொன்னேன்," என்றாள். "கேஸுன்னு நெனச்சு, செத்த நேரம் படுங்கன்னு சொல்லிட்டேங்கய்யா. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லல."

உபதேசியார் தகரத்தின் ஓரத்தில் எரியாமல் நின்ற ஓலையை ஒரு குச்சியால் நெருப்புக்குள் தள்ளினார்.

"ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்," என்றார். ஆறியதும் அந்தச் சாம்பலை மற்றதோடு சேர்த்துச் சலித்தார். எது யாருடைய ஓலை என்று அதற்குப் பிறகு ஒருவரும் பிரிக்க முடியாது.

புதன்கிழமை விடியற்காலைப் பூசைக்கு அவள் சாதாரணச் சேலையில் போனாள். வரிசை நீண்டிருந்தது. அவளுக்கு முன்னால் தை மாதம் கல்யாணமான ஒரு பெண் புதுத் தாலியோடு நின்றாள். அதற்கும் முன்னால் ஒருத்தி கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இளவயதுச் சாமியார், புதிதாக வந்தவர். அவர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை இருந்தது, உபதேசியார்தான் பூசிவிட்டிருப்பார். சாமியார் கைப்பிள்ளையின் நெற்றியில் போட்டார். அது முகத்தைச் சுளித்தது. புதுப்பெண் நெற்றியில், பொட்டுக்கு மேலே, போட்டார். மண் என்பதை மறக்காதே என்று அந்தப் புதுப்பெண்ணுக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

முனீஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றாள். பெரியம்மா ஒச்சாயியின் நீறு ஒருத்தியை மட்டும் எடுத்துத் தனியாக உட்கார வைத்தது. இது ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. தாலி கட்டினவள், கட்டாதவள், இழந்தவள், பால் குடிக்கிற பிள்ளை, பூசுகிற சாமியார், எல்லோருக்கும் அதே கறுப்பு. பெரியம்மாவை ஒரு தடவையாவது இந்த வரிசைக்குக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கலாமே என்று நினைத்தபோது, அவள் மேல் இருந்த கோபம் போய் அழுகை வந்தது.

அவள் முறை வந்தது. கட்டைவிரல் நெற்றியில் பட்டது. மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. குறுக்குக் கோடு ஒரு பக்கம் நீண்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

அவள் நகரவில்லை. இடது கையின் மேல் வலது கையைக் குழித்து நீட்டினாள்.

சாமியார் விளங்காமல் பார்த்தார். இது நன்மை அப்பம் கையில் வாங்குகிற வரிசை இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் சாம்பல் தட்டைப் பிடித்திருந்த உபதேசியார் அவர் காதருகே குனிந்தார்.

"போடுங்க சாமி. அவுகளுக்கு வழக்கம்."

ஒரு சிட்டிகை உள்ளங்கையில் விழுந்தது. முனீஸ்வரி அதை வாயில் போட்டுக்கொண்டாள். அதே கசப்பு. துப்பவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு, ஆண்கள் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். முதலில் மூக்கால் ஒரு தடவை கிளம்பும். அடக்கப் பார்ப்பான், முடியாது. பிறகு வாய்விட்டுச் சிரிப்பான்.

மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

விழுங்கிவிட்டு, அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.